சொன்ன நேரமும் நிஜ நேரமும்

கந்தவேல் அண்ணாச்சி இறந்து இன்றோடு பதினெட்டு நாள். கருமாதிக்கு அடித்த கார்டில் அவர் பெயர், வயது ஐம்பத்தெட்டு, காங்கேயம் பக்கத்து ஊர்ப் பெயர், மனைவி அபிராமியின் பெயர் எல்லாம் இருந்தன. மகள் பெயர் இல்லை. கார்டு அடிக்கக் கொடுத்த பங்காளிகளுக்கு அதைப் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லையாம். விட்டுவிட்டார்கள். விட்டுப்போனதை நானாவது எழுதி வைக்கிறேன்.

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் ஷிப்பிங் மேனேஜர். நான் டாக்குமென்டேஷன். அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பிரிண்டர்; பத்தொன்பது வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டேன். இங்கே அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். ஆபீஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "நானென்ன அம்மிணி, பருப்பு மூட்டையா பிரிச்சு வெச்சிருக்கறேன்? சரி உடுங்க, உங்க வாய்க்கு அதுதான் வருதுன்னா அப்படியே கூப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து நான் அம்மிணி, அவர் அண்ணாச்சி.

அவருடைய தொழில் தேதி. சரக்கு கப்பலேற வேண்டிய நாளுக்குள் அதை ஏற்றிவிடுவது. எங்கள் தொழிலில் யாரும் யாருக்கும் உண்மையான தேதியைச் சொல்வதில்லை. கன்டெய்னர் இருபதாம் தேதி கிளம்ப வேண்டும் என்றால் தையல் பிரிவுக்குப் பதின்மூன்று என்று சொல்வார். தையல் பிரிவுக்காரருக்கு அது பொய் என்று தெரியும்; ஆனாலும் அவர் கட்டிங்குக்கு எட்டு என்பார். கட்டிங்காரர் சாயப்பட்டறைக்கு ஒன்றாம் தேதி என்பார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரும் தன் பங்குக்கு ஒரு வாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டுதான் இருபது என்று சொல்லியிருப்பார். இது ஏமாற்று இல்லை. எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதனால் திருப்பூரில் யாராவது ஒரு தேதி சொன்னால் அடுத்த கேள்வி, "அது சொல்ற தேதியா, நெஜத் தேதியா?" என்பதுதான். துறைமுகத்தில் சரக்கு வாங்குவதை நிறுத்தும் நேரம் மாலை ஆறு என்று மெயில் வரும். அண்ணாச்சி போனை எடுத்து ஏஜெண்டிடம் குசலம் விசாரித்துவிட்டு, "நெஜ நேரம் சொல்லுங்க தம்பி" என்பார். ஒன்பதரை என்று பதில் வரும். ஒன்பது இருபதுக்கு எங்கள் லாரி உள்ளே போகும். இந்த ஏப்ரல் வரை அவர் கையால் போன எந்தச் சரக்கும் கப்பலைத் தவறவிட்டுத் துறைமுகத்தில் நின்றதில்லை.

அவருக்கு ஒரே மகள், நித்யஸ்ரீ. எனக்கு ஒரே தம்பி, ஜெபக்குமார். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தார்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொண்டு அடுத்த மாதமே வேலைக்கென்று ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். சாதி வேறு, சாமி வேறு. எனக்கே கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் தெரியும். அதை அண்ணாச்சி நம்பினாரா என்று தெரியாது. அவர் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். பிரிண்டரில் பேப்பர் போட்டார். என் பக்கம் திரும்பாமல், "ரோஸ்மேரி மேடம், அந்த இன்வாய்ஸ் ஆச்சுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆறு வருடமும் நான் மேடம்தான். முதலாளி கிட்டுசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை வேறு யூனிட்டுக்கு மாற்றியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. நானும் வேலையை விடவில்லை. வேலைப் பேச்சு மட்டும் பேசிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால் கேட்காதது போல எழுந்து போய்விடுவார் என்று அபிராமி அக்கா பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நித்யஸ்ரீ எனக்குப் போன் செய்வாள். கணவனின் அக்காவை நாங்கள் மைனி என்போம், அவர்கள் ஊரில் நங்கையா என்பார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். தன் வேலை, சமையல், குளிர் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்பா மாத்திரை போடறாருங்களா நங்கையா?" என்று கேட்பாள். அதைக் கேட்கத்தான் போனே செய்திருப்பாள். அங்கே துணிக்கடைக்குப் போனால் பனியன்களைத் திருப்பித் திருப்பி லேபிள் பார்ப்பாளாம். எங்கள் கம்பெனிச் சரக்கு அலமாரிக்கு வந்திருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். அந்தப் படங்களை நான் அவரிடம் காட்டியதில்லை. காட்டியிருக்கலாம்.

இந்த வருடம் ஜனவரியில் ஜவுளிக் கண்காட்சிக்காக முதலாளியோடு அண்ணாச்சி பிராங்பர்ட் போனார். நான்கு நாள். நித்யஸ்ரீ இருந்த ஸ்டுட்கார்ட் அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். ரயில் நேரங்களை ஒரு தாளில் எழுதி அவர் ஃபைலுக்குள் வைத்தேன். எடுத்துப் பார்த்தார், மடித்து மறுபடியும் உள்ளேயே வைத்தார். திரும்பி வந்தபோது ஆபீசுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும், நான் எதுவும் கேட்காமலே, "அடுத்த வருஷமும் ஃபேர் இருக்குதுங்க மேடம்" என்றார்.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை தம்பி பேசினான். நித்யஸ்ரீக்கு நெஞ்சில் பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது, பிறவியிலேயே இருந்த பலவீனமாம். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை, தள்ளிப்போட முடியாது என்றான். அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு உள்ளே போகிறேன் என்று அவள் கேட்கிறாளாம்.

எழுந்து பிரிண்டரைச் சுற்றிப் போய் அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "புதன்கிழமை மத்தியானம் அங்க இருக்கோணும். அப்படித்தானுங்களே, அம்மிணி?" என்றார். அந்தச் சொல்லை ஆறு வருடம் கழித்துக் கேட்டேன். ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

அபிராமி அக்காவிடம் பாஸ்போர்ட் இல்லை. அண்ணாச்சிக்குக் கண்காட்சிக்கு வாங்கிய விசா இன்னும் இருந்தது. பள்ளி விடுமுறைக் காலம், சாதாரண வகுப்பில் ஒரு இடமும் இல்லை. கிட்டுசாமி தன் பயணப் புள்ளிகளைக் கொடுத்து, செவ்வாய் மதியம் மூன்று நாற்பது விமானத்தில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போடச் சொன்னார். கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை, தனி வரிசை, பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம் என்று சொல்லி அண்ணாச்சியின் தோளைத் தட்டினார். டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தை அச்சடித்து அவர் சட்டைப் பைக்குக் கொடுத்ததும் நான்தான்.

திங்கள் மாலை விமானக் கம்பெனியிலிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் புதிய இயந்திரங்கள் பொருத்துகிறார்கள். வேலை முடியும்வரை பிசினஸ் கிளாஸ் பயணிகளுக்கான தனி வரிசை கிடையாது. எல்லாரும் ஒரே வரிசையில்தான் போக வேண்டும். மூன்றரை மணி நேரம் முன்னதாக வந்துவிடவும். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் படித்தேன். படித்தபோதே என் மனம் அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம்.

விமான நிலையம் பக்கத்து மாநிலத்தில், திருப்பூரிலிருந்து காரில் நான்கு மணி நேரம். எழுதியிருந்தபடி போக வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். செவ்வாய் ஏழரைக்கு அண்ணாச்சி போன் செய்தார். அபிராமி அக்கா மகளுக்காகக் கச்சாயம் என்னும் வெல்லப் பலகாரம் சுடுகிறார், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"மூணர மணி நேரம் முன்னாடின்னு போட்டிருக்குதுங்களே அம்மிணி. நெஜ நேரம் எத்தனைங்க?"

"ரெண்டு மணி நேரம் போதும் அண்ணாச்சி. எல்லாருக்கும் பொதுவா அப்படித்தான் போடுவாங்க. நீங்க பதறாம கிளம்புங்க."

"போதுமுங்களா?"

"போதும் அண்ணாச்சி."

அவர் ஒன்பதரைக்குக் கிளம்பினார்.

அதன்பிறகு அங்கே நடந்ததை அவர் என்னிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில், துண்டு துண்டாகச் சொன்னார். ஒன்று முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பெட்டியைக் கொடுத்துவிட்டுக் குடியேற்றப் பிரிவைத் தாண்டும்போது இரண்டு ஐந்து. அதுவரை எல்லாம் சரி. சோதனைக் கூடத்தில் பாதியைத் தகரத் தடுப்பு வைத்து மறைத்திருந்தார்களாம். உள்ளே புது இயந்திரங்களை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மீதியில் இரண்டே வழிகள். வரிசை நான்கு மடிப்பாக மடிந்து நின்றது. கோட்டு போட்டவர்கள், குழந்தையைச் சுமந்தவர்கள், வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பெல்ட்டையும் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரிய டிக்கெட்காரர்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு கொடுத்துவிட்டு ரேஷன் கடையில் நிற்பது போல நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, ரேஷன் கடையிலாவது சர்க்கரை கொடுப்பார்கள் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிகூடச் சிரித்தாராம்.

வரிசையில் அவருக்குப் பின்னால் வந்து நின்றவர் சிவபிரகாஷ். திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட்டர், அண்ணாச்சிக்குத் தூரத்து உறவு. அவருக்கு வேறு விமானம், மாலையில்தான்.

"ஏனுங்க கந்தவேலு, எங்க பயணம்?"

"பையரப் பாக்கறதுக்குங்க."

"பரவால்லியே, கிட்டுசாமி உங்களத் தனியா அனுப்பறாரு."

"ஆமாங்க."

மூன்று மணி ஆகும்போது விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி வரிசையோரமாக நடந்துகொண்டே கேட்டிருக்கிறாள். மருத்துவ அவசரம், உறவினர் உடல்நலமில்லை என்று போகிறவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வரலாம் என்று. மூன்று முறை கேட்டாளாம். ஆஸ்பத்திரிக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அவர் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பின்னால் சிவபிரகாஷ் நிற்கிறார். பையரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன வாய். ஆறு வருடமாக இல்லாத மகளை அந்த வரிசையில், சொந்தக்காரர் முன்னால், எப்படி எடுத்து வைப்பது? அந்தப் பெண் அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவர் முறை வந்தபோது மூன்று பத்து. கச்சாய டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இது என்ன, மாவா, பசையா என்று ஹிந்தியில் கேட்க, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மறு சோதனைக்கு எடுத்து வைத்தார்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல். விமானம் ஏறும் வாசல் மூன்று இருபதுக்கு மூடும். அவர் போனது மூன்று இருபத்தொன்பதுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருந்தது. நெஜ நேரம் என்று ஒன்று இருக்குமே என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டாராம், தமிழில். அவளுக்குப் புரியவில்லை.

அன்றிரவு கிளம்பும் எந்த விமானத்திலும் இடமில்லை. மறுநாள் அதே விமானத்தில்தான் கிடைத்தது. அவர் திருப்பூருக்குத் திரும்பவில்லை. ஒரு நாள் முழுக்க விமான நிலைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து, ஆறு வருடத்தில் முதல்முறையாக, மகளுக்குப் போன் செய்தார். விமானம் தாமதம் என்று சொன்னார். ஆபரேஷன் ஏழரைக்கு என்று அவள் சொல்ல, "நா ஏழு மணிக்கெல்லாம் வந்துருவேன் கண்ணு" என்றார். வியாழன் காலை ஏழுக்கு விமானம் பிராங்பர்ட்டில் இறங்கத்தான் செய்யும், அதற்குப் பிறகு ரயில் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

வியாழன் காலை ஏழு மணியிலிருந்து நித்யஸ்ரீ கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று தம்பி சொன்னான். ஏழரைக்குக் கட்டிலைத் தள்ள வந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்று இவன் கேட்டதற்கு அவள் சிரித்திருக்கிறாள். "வேண்டாம் ஜெபா. எங்கப்பா ஏழுன்னா பத்து. சின்னதுலிருந்தே அப்படித்தான். நான் போயிட்டு வந்து பாத்துக்கறேன்."

அவர் பத்து ஐந்துக்கு வந்தார். அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே தம்பியும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்முறையாகப் பார்த்துக்கொள்கிற மாமனாரும் மருமகனும். நித்யஸ்ரீ சொன்னதைத் தம்பி சொன்னபோது, அண்ணாச்சி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். தம்பிக்கு ஜெர்மன் தெரியும். அண்ணாச்சிக்கு அந்த ஆளின் முகமே போதுமாக இருந்தது.

பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்தார். வந்த அன்றே வேலைக்கு வந்தார். பையர் மீட்டிங் எப்படி என்று கேட்ட செக்யூரிட்டியிடம், "பையர் இல்லீங்க. என்ற புள்ளயப் பாக்கப் போனேன். போறதுக்குள்ள போயிருச்சு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தார். அன்றிலிருந்து கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னார். விஷயம் தெரிந்து சிவபிரகாஷ் ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். அன்று வரிசையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் விட்டிருப்பேனே என்று சொல்லி அழுதார். அண்ணாச்சி அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

தேதி விஷயத்திலும் அவர் மாறிவிட்டார். இருபது என்றால் தையல் பிரிவுக்கும் இருபது என்றே சொன்னார். அவர்களோ வழக்கம்போல ஏழு நாளைக் கூட்டிக்கொண்டார்கள். மே மாதம் முதல்முறையாக எங்கள் சரக்கு துறைமுகத்தில் நின்றது. கிட்டுசாமி அவரைக் கூப்பிட்டு, பழையபடியே சொல்லுங்களேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இனிமேல் வாயில் வராதுங்க என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜூனில் ஒருநாள் மதியம், எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருந்தபோது, டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் செய்தியை நான் முழுதாகப் படித்தேன், தனி வரிசை இல்லை என்று அதில் இருந்தது, அதை உங்களிடம் சொல்லாமல் இரண்டு மணி நேரம் போதும் என்றேன், என்னால்தான் அவளைப் பார்க்காமல் போனீர்கள் என்று.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"அந்த மெசேஜ் எனக்கும் வந்துச்சுங்க அம்மிணி. திங்கக்கெழம ராத்திரியே நாலு தடவ படிச்சேன். தனி வரிசை இல்லீன்னு தெரிஞ்சுதான் உங்களக் கூப்பிட்டேன்."

பிறகு எதற்குக் கேட்டீர்கள் என்றேன்.

"பயமுங்க. ஆறு வருசங் கழிச்சு அது மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு. ஃபேருக்குப் போனப்பவும் அதே பயந்தான். இன்னொரு மணி நேரம் இருந்துட்டுப் போலாம்னு யாராச்சும் வாயெடுத்துச் சொன்னாத் தேவலையாட்ட இருந்துச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்."

"அக்கா கச்சாயம் சுட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

"அவ ஏழு மணிக்கே சுட்டு முடிச்சு டப்பாவுல போட்டுட்டாளுங்க."

கீழே மதிய ஷிப்டின் மணி அடித்தது. யாரும் இன்னும் மேலே வரவில்லை. எட்டிலிருந்து ஒன்பதரை வரை அப்புறம் வீட்டில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஷூவ மாட்டிக்கிட்டு, கதவுக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தனுங்க" என்றார்.